ஈயம் கொடுத்தும் கங்கோங் அசையவில்லை: செடியின் சிறப்பா, கரைசலின் கோளாறா?

முளைவேர்22 கேட்டது:

வணக்கம். சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரி இறுதியாண்டுத் திட்டப்பணி. தலைப்பு, கங்கோங் கீரையில் கன உலோக அழுத்தம். இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது, முடிவுகள் தலைகீழாக நிற்கின்றன.

செய்தது: விதையிலிருந்து வளர்த்த மூன்று வாரச் செடிகள். பாதி வலு ஹோக்லண்ட் சத்துக் கரைசல், பிஎச் 6. ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடி ஒன்றுக்கு ஆறு செடி. ஈய நைட்ரேட் 0, 100, 250, 500 மைக்ரோமோலார். அளவுக்கு ஒரு ஜாடி. காற்றுப் பம்பு உண்டு. பத்து நாள்.

கிடைத்தது: வேர் நீளம் 0இல் சராசரி 11.8 செ.மீ., 500இல் 10.9. பச்சையம் கிட்டத்தட்ட ஒன்றே. 500 ஜாடியில் மட்டும் சில இலைகள் லேசாக மஞ்சள். இலையின் எம்டிஏ (செல்சவ்வின் கொழுப்பு சிதைந்ததைக் காட்டும் பொருள்) அளவு ஈயம் கொடுக்காத செடியில்தான் கூடுதல்! வெளியே அனுப்பி ஐசிபி-எம்எஸ் கருவியில் உலோக அளவு பார்த்ததில் 500 ஜாடியின் வேரில் கிலோவுக்கு 9,400 மி.கி. ஈயம், இலையில் 38 மி.கி., இரண்டும் உலர் எடைக்கு. அதே கரைசல்களில் விதை முளைக்கவைத்தபோது 95%, 93% என்று வித்தியாசமே இல்லை. ஓரமாக ஒரு ஜாடியில் 50 மைக்ரோமோலார் காட்மியம் குளோரைடு வைத்திருந்தோம், அதில் வேர் நான்காம் நாளே பழுப்பாகி நின்றுவிட்டது.

இரண்டாம் நாளிலிருந்து ஈய ஜாடிகளின் அடியில் வெள்ளைப் பொடி படிகிறது. அது என்ன? எம்டிஏ ஏன் இப்படி? வேரில் 9,400 இருப்பதால் கங்கோங்கை ஈய மீத்திரட்டி (உலோகத்தை அளவுக்கு மீறித் தன்னுள் சேர்க்கும் செடி) என்று அறிக்கையில் எழுதலாமா?

எம்டிஏ பற்றி ஒரு தகவல்: கட்டுப்பாட்டுச் செடிகளை, அதாவது ஈயம் கொடுக்காதவற்றை, வெள்ளிக்கிழமை அறுத்து மைனஸ் 20இல் வைத்தோம். மற்றவற்றைத் திங்களன்று அறுத்து உடனே அரைத்தோம்.

வேர்நுனி எழுதியது:

வெள்ளைப் பொடிதான் விடை. உங்கள் ஈயம் செடிக்குள் போகவில்லை, ஜாடியின் அடிக்குப் போய்விட்டது.

பாதி வலு ஹோக்லண்டில் சல்பேட் ஏறக்குறைய 1 மில்லிமோலார், பாஸ்பேட் 0.5 மில்லிமோலார். அதில் 0.5 மில்லிமோலார் ஈயத்தைப் போட்டால் ஈய சல்பேட்டின் கரைதிறன் எல்லையைப் பத்து மடங்குக்கும் மேல் தாண்டுகிறீர்கள். பாஸ்பேட் அதைவிட மோசம். ஈயமும் பாஸ்பேட்டும் கொஞ்சம் குளோரைடும் சேர்ந்தால் பைரோமார்பைட் என்ற கனிமமே உருவாகும். ஈயத்தின் உப்புகளிலேயே மிகக் குறைவாகக் கரைபவற்றில் ஒன்று அது. ஈயம் படிந்த மண்ணில் பாஸ்பேட் போட்டு ஈயத்தை முடக்குவது இதை நம்பித்தான். நீங்கள் தெரியாமல் அந்த வைத்தியத்தை ஜாடிக்குள் செய்திருக்கிறீர்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 மைக்ரோமோலார், ஒரு லிட்டர் என்றால் ஜாடியில் மொத்தம் 103.6 மி.கி. ஈயம். ஆறு செடிகளின் வேர் உலர் எடை அரை கிராம் என்று வைத்தால் 9,400 கணக்கில் வேரோடு இருப்பது 4.7 மி.கி. நூற்றில் ஐந்துகூட இல்லை. அந்த ஐந்திலும் எவ்வளவு வேருக்குள், எவ்வளவு வேரின் மேல் ஒட்டிய பொடி என்பது தனிக் கேள்வி.

இன்னொரு பங்கு, உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் இடிடிஏவின் பிடியில் இருக்கும். ஹோக்லண்டில் இரும்பைக் கரைசலில் வைத்திருப்பது அதுதான். பிஎச் 6இல் இரும்பு மெல்ல ஹைட்ராக்சைடாகக் கழன்றுவிடும், காலியான இடத்தில் ஈயம் உட்காரும். இதனால் இரண்டு விளைவு: ஈயம் செடிக்குக் கிடைக்காது, இரும்பும் கிடைக்காது. உங்கள் மஞ்சள் இலைகள் எவை? புதிய இளம் இலைகளில் நரம்பு பச்சையாக, இடையில் மட்டும் மஞ்சள் என்றால் அது இரும்புப் பற்றாக்குறை. அதை ஈய நச்சு என்று எழுதினால் தேர்வாளர் பிடித்துவிடுவார்.

ஐந்து நிமிடச் சோதனை ஒன்று. ஜாடிக் கரைசலை 0.45 மைக்ரான் வடிகட்டியில் சிரிஞ்சால் தள்ளி 1 மி.லி. எடுங்கள். 0.1 மோலார் பொட்டாசியம் அயோடைடு 1 மி.லி. சேருங்கள். பக்கத்திலேயே, அயனி நீக்கிய நீரில் புதிதாகக் கரைத்த 500 மைக்ரோமோலார் ஈய நைட்ரேட்டிலும் அதையே செய்யுங்கள். புதியதில் மஞ்சளாகக் கலங்கும். ஜாடி நீரில் மஞ்சள் வராவிட்டால் இந்தச் சோதனைக்குத் தெரியும் அளவுக்குத் தனி ஈய அயனி அங்கே இல்லை என்று பொருள். இடிடிஏ பிடித்த ஈயமும் மஞ்சள் தராது. நமக்கு அதுதான் வேண்டும், ஏனென்றால் செடியும் அதை எளிதில் எடுக்காது. அயோடைடை அளவுக்கு மீறி ஊற்றாதீர்கள், அடர்ந்த அயோடைடில் மஞ்சள் மறுபடி கரைந்துவிடும்.

விதை முளைப்பு வித்தியாசம் காட்டாததிலும் வியப்பில்லை. முளைப்பு என்பது பெரும்பாலும் விதை நீர் உறிஞ்சி வீங்கும் வேலை. விதையுறை உலோகத்தைத் தன்மேல் பிடித்து நிறுத்திவிடும். நஞ்சைக் காட்டுவது முளைவேரின் நீளம். முளைத்ததா இல்லையா என்று எண்ணாதீர்கள், முளைத்தபின் எவ்வளவு நீண்டது என்று அளக்க வேண்டும்.

காட்மியம் ஏன் வேலை செய்தது? அந்த பிஎச்சில் 50 மைக்ரோமோலார் காட்மியம் பாஸ்பேட், சல்பேட் இரண்டோடும் பெரும்பாலும் கரைந்தே இருக்கும். காட்மியம் ஈயத்தைவிடக் கொடியது என்று அந்த ஒரு ஜாடியை வைத்து முடிவு கட்ட முடியாது. ஒன்று செடியைச் சேர்ந்தது, மற்றது சேரவில்லை. அவ்வளவே.

ஈரச்சந்தை எழுதியது:

இவ்வளவு சுற்ற வேண்டுமா? ஈயத்துக்குச் சம அளவு இடிடிஏ கூடுதலாகப் போட்டால் படிவே வராது, தெளிந்த கரைசல் கிடைக்கும். இலையிலும் ஈயம் நிறைய ஏறும். நிறைய கட்டுரைகளில் இப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

தராசுத்தட்டு எழுதியது:

அவர்கள் செய்தது வேறு கேள்விக்கு. மண்ணிலிருந்து ஈயத்தை உறிஞ்சி எடுக்கச் செடியைப் பயன்படுத்த முடியுமா என்று பார்த்தவர்கள் இடிடிஏ போட்டார்கள். இலையில் ஏறியது ஈய-இடிடிஏ கூட்டு, ஈய அயனி இல்லை. அதிக இடிடிஏ வேரின் சவ்வில் இருக்கும் கால்சியத்தையும் பிடுங்கும், வேரின் தடுப்பே ஓட்டையாகும். அப்போது தெரியும் பாதிப்பு ஈயத்தாலா இடிடிஏவாலா என்று பிரிக்க, இடிடிஏ மட்டும் கொடுத்த ஜாடிகள் தனியாக வேண்டும். ஆறு வாரத்தில் அந்த வம்பு வேண்டாம்.

மீத்திரட்டி என்று எழுதவே எழுதாதீர்கள். ஈயத்துக்கு அந்தப் பெயர் பெற, இலை அல்லது தண்டில் உலர் எடைக்குக் கிலோவுக்கு 1,000 மி.கி. தாண்ட வேண்டும். காட்மியத்துக்கு 100. வேர் கணக்கில் வராது. உங்கள் இலை 38. இலைக்கும் வேருக்கும் விகிதம் 0.004. இது ஈயத்தை வேரிலேயே நிறுத்தும் சாதாரணச் செடியின் விகிதம். செல்சுவரின் பெக்டின் ஈயத்தைப் பிடித்துக்கொள்ளும், அதைத் தாண்டியதை அகத்தோலின் காஸ்பேரியன் பட்டை மறிக்கும்.

இன்னொன்று, யாரும் சொல்லவில்லை. அளவுக்கு ஒரு ஜாடி என்றால் உங்கள் மாதிரி எண்ணிக்கை 1. ஆறு இல்லை. ஆறு செடியும் ஒரே நீரைக் குடித்தவை, அந்த ஜாடியின் பம்பு நின்றிருந்தால் ஆறும் சேர்ந்தே வாடும். அளவுக்குக் குறைந்தது நான்கு ஜாடி. ஜாடிகளை அளவு வாரியாக வரிசை கட்டி வைக்காமல் குலுக்கிப் போட்டு வையுங்கள். ஜன்னல் ஓரத்து ஜாடி எல்லாம் ஒரே அளவாக இருந்தால் வெயிலைத்தான் அளப்பீர்கள்.

முளைவேர்22 எழுதியது:

அயோடைடு சோதனை செய்தோம். புதிய கரைசல் உடனே மஞ்சள். 500 ஜாடி நீரில் ஒன்றுமில்லை, 100இலும் இல்லை. மஞ்சளானவை இளம் இலைகள்தான், நரம்பு பச்சை. மீத்திரட்டியை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டோம்.

ஈயத்தையே வைத்து மறுபடி செய்ய முடியுமா, இல்லை காட்மியத்துக்கு மாறுவதா? ஈயம் என்றால் கரைசலை எப்படித் தயாரிப்பது? சத்து இல்லாமல் செடி வாடிவிடாதா?

வேர்நுனி எழுதியது:

இரண்டையும் செய்யலாம், நேரம் போதும். ஈயத்தை நீண்ட வளர்ப்பாக வைக்காமல் 72 மணி நேர வேர் நீட்சிச் சோதனையாக வையுங்கள். மூன்று நாளுக்கு விதையிலுள்ள சேமிப்பே நாற்றுக்குப் போதும். வெளியிலிருந்து வேருக்குக் கட்டாயம் வேண்டியவை கால்சியமும் துளி போரானும் மட்டுமே.

அடிக் கரைசல், லிட்டருக்கு: கால்சியம் நைட்ரேட் டெட்ராஹைட்ரேட் 0.236 கிராம், அதாவது 1 மில்லிமோலார். போரிக் அமிலம் 5 மில்லிமோலார் இருப்பிலிருந்து 1 மி.லி. பிஎச்சை நிலைநிறுத்தும் எம்இஎஸ் தாங்கல் 0.195 கிராம், அதுவும் 1 மில்லிமோலார். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச் 5.5க்குக் கொண்டுவாருங்கள். பாஸ்பேட் தாங்கலை மறந்தும் தொடாதீர்கள். சல்பேட் உப்பு எதுவும் வேண்டாம். குழாய் நீரும் கூடாது. நம் ஊர்க் குழாய் நீர் சற்றே காரப்பக்கம், கார்பனேட்டும் சல்பேட்டும் உண்டு. ஈய நைட்ரேட் அதில் விழுந்த உடனே பால் கலந்தாற்போல் ஆகும். கிருமிநீக்கத்துக்காக அதில் விடும் குளோரமைனும் இளம் வேருக்கு ஆகாது.

ஈய இருப்பு: ஈய நைட்ரேட் மூலக்கூறு எடை 331.2. 0.331 கிராமை 100 மி.லி. அயனி நீக்கிய நீரில் கரைத்தால் 10 மில்லிமோலார். ஒரு சொட்டு நைட்ரிக் அமிலம் விட்டு பாலிப்ரொப்பிலீன் புட்டியில் வையுங்கள், கண்ணாடி ஈயத்தை உறிஞ்சும். அதில் 10 மி.லி.யை 100 ஆக்கினால் 1 மில்லிமோலார் வேலைக் கரைசல். அரை லிட்டர் ஜாடிக்கு இதில் 1 மி.லி. என்றால் 2 மைக்ரோமோலார், 2.5 என்றால் 5, 5 என்றால் 10, 12.5 என்றால் 25.

ஆம், 500 இல்லை, 25 வரை போதும். கால்சியம் மட்டும் இருக்கும் தெளிந்த நீரில் சில மைக்ரோமோலாரே வேரைச் சுருக்கும். 500 என்று முன்பு எழுதியது நீங்கள் ஊற்றிய அளவு, வேர் சந்தித்த அளவு அதில் சொற்பம். இன்னொரு நன்மை, 500இல் ஈயத்தோடு 1 மில்லிமோலார் நைட்ரேட்டும் சேர்ந்தே போயிற்று. கட்டுப்பாட்டுக்கு அது போகவில்லை, யாரும் சமன் செய்யவில்லை. 25இல் அது 0.05. அடிக் கரைசலின் 2 மில்லிமோலாருக்கு முன் அது தூசு.

குறைந்த அளவில் வரும் தொல்லை வேறு. 5 மைக்ரோமோலார், அரை லிட்டரில் மொத்தம் அரை மில்லிகிராம் ஈயம்தான். வேரும் ஜாடிச் சுவரும் சேர்ந்து ஒரே நாளில் அதைக் காலி செய்யும். ஆகவே கரைசலை 24 மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஜாடியைப் பாலிப்ரொப்பிலீனுக்கு மாற்றி, தொடங்குவதற்கு முந்தின இரவே அதே அளவுக் கரைசலை நிரப்பி வைத்துக் காலையில் வடித்துவிடுங்கள், சுவர் பசி அடங்கும். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் 10 மி.லி. வடிகட்டி, நைட்ரிக் அமிலம் 2% ஆகும்படி சேர்த்து அளவிட அனுப்புங்கள். வரைபடத்தின் கிடை அச்சில் வர வேண்டியது இந்த அளந்த எண். பிப்பெட்டில் எடுத்த எண்ணைப் போட்டு ஏமாறாதீர்கள்.

நாற்று: விதையில் சாயம் பூசியிருந்தால் பூஞ்சைக்கொல்லி, நன்றாக அலசுங்கள். 1% ஹைப்போகுளோரைட்டில் பத்து நிமிடம், ஐந்து முறை கழுவல், ஓர் இரவு ஊறல், ஈர வடிதாளில் இருட்டில். முளைவேர் 1.5 முதல் 2 செ.மீ. வந்ததும் நீளம் ஒத்தவற்றைப் பொறுக்குங்கள். நூறு விதை போட்டால் ஐம்பது தேறும், கங்கோங் விதை ஒன்றுபோல் முளைக்காது. வலையில் பொருத்தி, முதல் 12 மணி ஈயமில்லாத அடிக் கரைசலில் பழக்கிவிட்டு, நீளத்தைப் படம் எடுத்துக்கொண்டு, பிறகு ஈயத்துக்கு மாற்றுங்கள். 72 மணியில் மறுபடி படம். வித்தியாசம்தான் தரவு.

வெப்பநிலையைக் கவனியுங்கள். வார இறுதியில் ஆய்வகக் குளிர்சாதனம் நின்றால் நீர் 30 டிகிரியைத் தொடும். அங்கே கரையும் ஆக்சிஜன் லிட்டருக்கு 7.5 மி.கி. அளவுதான், 20 டிகிரியில் 9.1. திங்களன்று தொடங்கி வியாழனில் முடியுங்கள். ஜாடியை அலுமினியத் தாளால் சுற்றினால் பாசி வராது.

காட்மியப் பகுதிக்கு உங்கள் பழைய ஹோக்லண்டே போதும்: 0, 10, 25, 50 மைக்ரோமோலார். ஆனால் புட்டியின் சீட்டைப் படியுங்கள். நீரற்ற காட்மியம் குளோரைடு 183.3, இரண்டரை நீர் மூலக்கூறு உள்ளது 228.35. முதல் எண்ணால் கணக்கிட்டு இரண்டாவதை நிறுத்தால் நினைத்ததில் 80%தான் கிடைக்கும்.

தராசுத்தட்டு எழுதியது:

எம்டிஏவுக்கு வருவோம். வெள்ளிக்கிழமை அறுத்து மைனஸ் 20இல் வைத்ததுதான் முதல் குற்றவாளி. மெல்ல உறையும்போது பனித்துகள் செல்லைக் கிழிக்கும், கொழுப்பைச் சிதைக்கும் நொதிகள் அந்தக் குளிரிலும் முழுதாக ஓயாது, எடுத்து உருக்கும்போது மிச்ச வேலையையும் முடிக்கும். கட்டுப்பாடு மட்டும் அப்படி, மற்றவை புதிது என்றால் நீங்கள் ஒப்பிட்டது உறைந்ததையும் உறையாததையும். திரவ நைட்ரஜனில் உடனே உறையவைத்து மைனஸ் 80இல் வையுங்கள். இல்லையென்றால் எல்லாவற்றையும் அன்றன்றே அரையுங்கள். எதுவானாலும் எல்லாவற்றுக்கும் ஒன்றே.

இரண்டாவது, எந்த முறை? ஹீத், பேக்கர் 1968 முறை என்றால் 0.5 கிராமை 5 மி.லி. 0.1% டிசிஏவில் (டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம்) அரைத்து, 10,000 ஜியில் பத்து நிமிடம் சுழற்றி, மேல்நீர் 1 மி.லி.யோடு 0.5% டிபிஏ (தயோபார்பிட்டூரிக் அமிலம்) கலந்த 20% டிசிஏ 4 மி.லி., 95 டிகிரியில் 30 நிமிடம், உடனே பனிக்கட்டி. 532 நானோமீட்டரில் வந்த ஒளி உறிஞ்சலிலிருந்து 600இல் வந்ததைக் கழித்து 155ஆல் வகுப்பது. சரிபார்க்க ஒரு எண்: இந்த அளவுகளில் கழித்த வித்தியாசம் 0.155 என்றால் கிராமுக்கு 50 நானோமோல். உங்கள் எக்செல் வேறு எதையாவது சொன்னால், ஐந்து மடங்கு நீர்த்தலை விட்டிருப்பீர்கள்.

சிக்கல் என்னவென்றால் 532இல் எம்டிஏ மட்டும் ஒளியை விழுங்குவதில்லை. ஆந்தோசயனினும் விழுங்கும், டிபிஏவோடு வெந்த சர்க்கரையும் விழுங்கும். செழிப்பாக வளர்ந்த கட்டுப்பாட்டு இலையில் சர்க்கரை கூடுதல், எனவே பொய்யாக எம்டிஏவும் கூடுதல். 1999இல் ஹாட்ஜஸ் குழு தந்த திருத்தம் இதற்குத்தான். ஒவ்வொரு மாதிரிக்கும் டிபிஏ இல்லாத ஒரு குழாயையும் சேர்த்துச் சுடவைத்து அதன் 532, 600 வித்தியாசத்தைக் கழியுங்கள். 440க்கும் 600க்கும் உள்ள வித்தியாசத்தை 0.0571ஆல் பெருக்கிச் சர்க்கரைப் பங்கையும் கழியுங்கள். குழாய் இரட்டிப்பாகும், வேறு வழியில்லை.

ஈயத்துக்கு இலையில் எம்டிஏ பார்ப்பதே எனக்கு ஒப்பவில்லை. உலோகம் வேரில் நிற்கிறது, வேரில் பாருங்கள். வேர் நுனி 1 செ.மீ. துண்டுகளைச் சேர்த்து 0.2 கிராம் தேற்றினால் போதும், கரைசல் அளவையும் அதே விகிதத்தில் குறையுங்கள்.

புரோலின் (அழுத்தத்தில் செடியில் கூடும் அமினோ அமிலம்) அளப்பதாக இருந்தால் ஒரே எச்சரிக்கை: கடைசியில் டொலுயீனில் பிரித்து 520இல் படிப்பீர்கள். பிளாஸ்டிக் குவெட்டில் (ஒளி உறிஞ்சலை அளக்கும் சிறு கலம்) ஊற்றினால் குவெட் கண்முன்னே மங்கிவிடும், மங்கல் எண்ணாக வரும். கண்ணாடி அல்லது குவார்ட்ஸ். பச்சையத்துக்கான 80% அசிட்டோனுக்கும் இதே விதி. பச்சையத்தில் வித்தியாசமே வரவில்லை என்றீர்களே, எந்தக் குவெட்?

முளைவேர்22 எழுதியது:

பிளாஸ்டிக்! மறுபடி செய்கிறோம். வேரை ஐசிபிக்கு அனுப்பும் முன் கழுவியது குழாய் நீரில் இரண்டு முறை மட்டும். அதுவும் தவறா?

வேர்நுனி எழுதியது:

அந்த 9,400இல் பெரும்பகுதி வேரில் ஒட்டிய பொடியாக இருக்க வாய்ப்பு அதிகம். 20 மில்லிமோலார் டைசோடியம் இடிடிஏவில் 15 நிமிடம் ஆட்டி, மூன்று முறை அயனி நீக்கிய நீரில் அலசுங்கள். காட்மியத்துக்குப் பனிக்குளிர்ந்த 5 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு பத்து நிமிடம் போதும். இடிடிஏவும் கெட்டியான பாஸ்பேட் படிவை முழுதாக எடுக்காது. அதனால்தான் படிவே வராத கரைசலில் தொடங்கச் சொல்கிறேன். கழுவலால் பின்னால் சரிசெய்ய முடியாது.

பிறகு 70 டிகிரியில் 48 மணி உலர்த்தல். 0.2 கிராமுக்கு அடர் நைட்ரிக் 5 மி.லி., 30% ஹைட்ரஜன் பெராக்சைடு 1 மி.லி., மைக்ரோவேவ் கலத்தில் 180 டிகிரி, 15 நிமிடம், 50 மி.லி. ஆக்குதல். கந்தக அமிலம் சேர்க்கும் பழைய செய்முறை கையில் கிடைத்தால் தள்ளுங்கள், ஈய சல்பேட்டாக மறுபடி அடியில் உட்காரும். செடியே இல்லாத வெற்றுக் கலம் இரண்டும், உலோக அளவு தெரிந்த சான்றிட்ட இலை மாதிரி ஒன்றும் கூடவே போக வேண்டும். வெளி ஆய்வகத்திடம் ஈயத்துக்கு 206, 207, 208 மூன்றையும் கூட்டினார்களா என்று கேளுங்கள், ஈயத்தின் ஐசோடோப்பு விகிதம் மூலத்துக்கு மூலம் மாறும். காட்மியம் 111இல் மாலிப்டினம் ஆக்சைடு குறுக்கிடும். ஹோக்லண்டில் மாலிப்டினம் இருக்கிறதே.

அறிக்கையில் கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தரம்) வரம்போடு ஒப்பிடுவீர்கள் என்றால் ஒரு பள்ளம். இலைக் காய்கறிக்கு ஈயம் கிலோவுக்கு 0.3 மி.கி., காட்மியம் 0.2 மி.கி., ஆனால் அது ஈர எடைக்கு. உங்கள் 38 உலர் எடைக்கு. கங்கோங் இலையில் நீர் 92% என்று நீங்கள் அளந்திருந்தால் 12.5ஆல் வகுத்து ஏறக்குறைய 3 என்றாகும். அப்போதும் வரம்பைப் போல் பத்து மடங்கு. உலர் எடையோடே ஒப்பிட்டு நூற்றிருபது மடங்குக்கும் மேல் என்று எழுதினால் செய்தித்தாள் தலைப்புக்கு ஆகும், அறிக்கைக்கு ஆகாது.

புகைக்கூண்டு எழுதியது:

செய்முறையை எல்லாரும் சொல்லிவிட்டார்கள், கழிவை யாரும் தொடவில்லை. ஐந்து அளவு, நான்கு ஜாடி, அரை லிட்டர், மூன்று நாள்: 30 லிட்டர். அதில் 24 லிட்டரில் ஈயம். ஈயத்தின் எடை 52 மி.கி. சொச்சம்தான், அதற்காகத் தொட்டியில் ஊற்றி மேலே தண்ணீர் விட்டுத் தள்ளிவிடக் கூடாது. பயன்படுத்திய நீர் சுத்திகரிக்கப்பட்டு நியூவாட்டராகத் திரும்பி வரும் ஊர் இது. உலோகக் கழிவைத் தேசிய சுற்றுப்புற வாரிய உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம்தான் கொடுக்க வேண்டும், அதற்கு உங்கள் ஆய்வகப் பாதுகாப்பு அலுவலர் வழி இருக்கிறது. கேன் எத்தனை லிட்டர் மிச்சம் என்று தொடங்குவதற்கு முன்பே கேளுங்கள்.

செடிகளும் கழிவுதான். அறுத்து மீந்த தண்டை சாதாரணக் குப்பையில் போட்டால் எரியாலைக்குப் போகும். எரிந்தாலும் காட்மியம் மறையாது, சாம்பலில் தங்கும், அந்தச் சாம்பல் புலாவ் செமாக்கா குப்பைநிலத் தீவுக்குப் போகும். உலர்த்தி, பையில் கட்டி, திண்ம உலோகக் கழிவு என்று எழுதிக் கொடுங்கள். கங்கோங் கணுவைக் கிள்ளிப் போட்டாலே வேர்விடும், வடிகாலில் எறியாதீர்கள்.

கேன்கள் தனித்தனி. ஈய, காட்மிய நீர்க்கழிவு ஒன்று. இடிடிஏ கழுவல், அயோடைடு சோதனையின் மஞ்சள் எல்லாம் இதிலேயே. நைட்ரிக் அமிலக் கழிவு வேறு. அசிட்டோனும் டொலுயீனும் மூன்றாவது. இந்த மூன்றாவது இரண்டாவதோடு சேரவே கூடாது, நைட்ரிக் அமிலமும் கரிமக் கரைப்பானும் மூடிய கேனில் சூடேறி வெடிக்கும். இந்த இரண்டு கேனையும் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கம் வைப்பதுகூட எனக்குப் பிடிக்காது.

முளைவேர்22 எழுதியது:

குறித்துக்கொண்டோம், நன்றி. கடைசியாக ஒன்று. பழைய கண்ணாடி ஜாடிகளை 10% நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்தோம். வெள்ளைப் படிவு முக்கால்வாசி போய்விட்டது, அடியில் ஒரு மெல்லிய வெண்படலம் மட்டும் போகவில்லை. தேய்த்தால் தூசியாகும் என்று பயந்து தொடவில்லை.

வேர்நுனி எழுதியது:

தொடாதது நல்லது. கரைந்த முக்கால்வாசி பாஸ்பேட், அது நைட்ரிக்கில் கரையும். மிஞ்சியது சல்பேட், அது நீர்த்த நைட்ரிக்கில் எளிதில் கரையாது. அமிலத்தை வடித்து நன்றாக அலசிவிட்டு, 20% அம்மோனியம் அசிட்டேட் கரைசலை 60 டிகிரியில் சூடாக ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள், ஈய அசிட்டேட்டாகக் கரைந்து வரும். கையுறை, புகைக்கூண்டுக்குள். வடித்த நீர் முதல் கேனுக்கு.

புகைக்கூண்டு எழுதியது:

முதல் அலசல் நீரும் அதே கேனுக்கு. அந்த ஜாடிகளில் "ஈயம்" என்று அழியாத மையில் எழுதி வைத்துவிடுங்கள், அடுத்த ஆண்டு மாணவர் யாராவது அதில் துத்தநாகக் குறைபாடு பார்க்கக் கிளம்புவார்.